கருப்பைப் புற்றுநோய்: ஸ்டேஜ் எண்ணை எப்படிப் படிப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கருப்பையின் உள்வரிச் சவ்வில் தோன்றும் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களை இம்மாதம் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். மருத்துவமனை அறிக்கையில் நிலையைக் குறிப்பது ரோமன் எண்ணும் ஆங்கில எழுத்தும். இங்கே அதை 1ஏ, 2சி என்று எழுதுகிறோம். எழுதியவர்கள் தென்னாப்பிரிக்க வாசகர்கள்; பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு “ஸ்டேஜ் 1ஏ” என்றார் டாக்டர். ஐந்து வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. இப்போது வந்த கடிதத்தில் 2சி என்று இருக்கிறது. கதிர்வீச்சுப் பிரிவு டாக்டரோ இன்னும் 1ஏ என்றுதான் பேசுகிறார். நாங்கள் காத்திருந்த ஐந்து வாரத்தில் நோய் முற்றிவிட்டதா? யார் சொல்வதை நம்புவது? அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.
— மகள், சாட்ஸ்வர்த்

பதில்: இரண்டு டாக்டர்களும் சொல்வது சரி. நீங்கள் காத்திருந்ததால் எண் மாறவில்லை, அந்தக் குற்ற உணர்வை முதலில் இறக்கி வையுங்கள். அம்மாவின் அறிக்கையில் உள்ளவை இவை: சீரஸ் வகைப் புற்று, கருப்பைச் சுவரின் தடிப்பு 14 மி.மீ., அதில் புற்று இறங்கிய ஆழம் 3 மி.மீ., கருப்பை வாய், சினைப்பைகள், நிணநீர்க் கணுக்கள் எல்லாம் சுத்தம். இதே கண்டுபிடிப்பை 2009-ஆம் ஆண்டு விதிப்படி எழுதினால் 1ஏ. 2023-ஆம் ஆண்டு விதிப்படி எழுதினால் 2சி. நோய் ஒன்றுதான், அளந்த கோல்கள் இரண்டு.

இந்த விதிகளை வகுப்பது ஃபிகோ எனப்படும் பன்னாட்டு மகப்பேறு, மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு. 1988-இலிருந்து இந்தப் புற்றுநோயின் நிலையை முடிவு செய்வது ஆபரேஷனும் அதற்குப் பின் நுண்ணோக்கியில் பார்ப்பதும்தான். ஸ்கேன் சொல்வது ஒரு மதிப்பீடு. சுவரில் நார்க்கட்டிகள் இருந்தாலோ, உள்சவ்வு தசைக்குள்ளேயே வளரும் அடினோமயோசிஸ் இருந்தாலோ, வயதால் சுவர் மெலிந்திருந்தாலோ எம்.ஆர்.ஐ. ஆழத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும். ஆகவே ஆபரேஷனுக்கு முன் சொல்லப்படும் ஸ்டேஜைப் பென்சிலால் எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

2009 விதி நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தது. தசைச்சுவரில் பாதிக்குள் நின்றால் 1ஏ, பாதியைத் தொட்டாலோ தாண்டினாலோ 1பி. கருப்பை வாயின் உள்திசுவுக்குப் போனால் 2. கருப்பையின் வெளிப்பூச்சு, சினைப்பை, கருக்குழாய், யோனி, பக்கத்திசு, இடுப்புக் கணு, பெருந்தமனியோரக் கணு என்று பரவினால் 3. சிறுநீர்ப்பை அல்லது குடலின் உட்பூச்சுக்கோ, தொலைவான உறுப்புக்கோ போனால் 4.

2023 விதி இதோடு நோயின் குணத்தையும் சேர்த்துக்கொண்டது. சீரஸ், கிளியர் செல், கார்சினோசார்கோமா, மூன்றாம் கிரேடு (செல்களின் ஒழுங்கு மிகவும் கலைந்த) எண்டோமெட்ரியாய்டு போன்றவை மூர்க்க வகைகள். இவை சவ்வுக்குள்ளேயோ, சவ்விலிருந்து வளரும் சதைத் துண்டான ஒரு பாலிப்புக்குள்ளேயோ நின்றால் 1சி. தசைக்குள் ஒரு மி.மீ. இறங்கினாலும் 2சி. அம்மாவுடையது 3 மி.மீ. என்பதால் 2சி ஆனது. சாதுவான வகைகளுக்கு வேறு கணக்கு உண்டு. சவ்வோடு நின்றால் 1ஏ1, சுவரில் பாதிக்குள் என்றால் 1ஏ2, பாதியோ அதற்கு மேலோ என்றால் 1பி. கருப்பை வாயின் உள்திசுவுக்குப் போனால் 2ஏ. கருப்பைக்குள்ளேயே இருந்தும் இரத்த, நிணநீர்க் குழல்களில் கணிசமாக நுழைந்திருந்தால் 2பி. கணிசம் என்றால் பொதுவாக ஒரே கண்ணாடித் தகட்டில் ஐந்து குழல்கள் அல்லது அதற்கு மேல்.

கீமோவா, கதிர்வீச்சா, இரண்டுமா என்ற முடிவு இந்த எண்ணை வைத்து மட்டும் எடுக்கப்படுவதில்லை. சீரஸ் வகை தசைக்குள் இறங்கியிருந்தால், 1ஏ என்று எழுதினாலும் 2சி என்று எழுதினாலும், கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்துகள் இரண்டையும் 21 நாளுக்கு ஒருமுறை கொடுப்பதைப் பற்றி டாக்டர்கள் குழு கட்டாயம் பேசும். நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எந்த ஆண்டு ஃபிகோ விதிப்படி இந்த ஸ்டேஜ்?” ஆண்டு இல்லாத ஸ்டேஜ், அலகு இல்லாத அளவு போன்றது. அறிக்கையின் மேல் ஓரத்தில் ஆண்டை எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் இதே குழப்பம் மறுபடி வராது.

கேள்வி: எனக்கு ஸ்டேஜ் 1பி, கிரேடு 2 என்று எழுதியிருக்கிறது. இரண்டில் எது ஸ்டேஜ்? கிரேடு 2 என்றால் ஸ்டேஜ் 2-க்குப் போகிறேன் என்று அர்த்தமா?
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை. ஸ்டேஜ் முதன்மையாகத் தூரத்தைச் சொல்கிறது, கிரேடு செல்களின் தோற்றத்தைச் சொல்கிறது. சாதாரணச் சவ்வில் செல்கள் சுரப்பிக் குழல்களாக அடுக்கப்பட்டிருக்கும். எண்டோமெட்ரியாய்டு வகைப் புற்றில் அந்த ஒழுங்கு கலைந்து, திண்மமாக மண்டிக் கிடக்கும் பகுதி 5 விழுக்காடு வரை இருந்தால் கிரேடு 1, 6 முதல் 50 வரை கிரேடு 2, 50-க்கு மேல் போனால் கிரேடு 3. முதல் இரண்டையும் தாழ்ந்த கிரேடு என்று ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். உங்களுடையது அதில் வருகிறது.

1பி என்பதை நீங்களே சரிபார்க்கலாம். அறிக்கையில் இரண்டு மி.மீ. எண்கள் இருக்கும். ஊடுருவல் 9, சுவர்த் தடிப்பு 16 என்றால் 56 விழுக்காடு, ஆகவே 1பி. அந்த இரண்டு எண்களும் இல்லாமல் “பாதிக்கு மேல்” என்று மட்டும் இருந்தால் எண்களைக் கேட்டு வாங்குங்கள். எல்லையில் நிற்கும் நோயாளிக்கு ஒரு மி.மீ. வித்தியாசம் கதிர்வீச்சு உண்டா இல்லையா என்பதையே மாற்றிவிடும். இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. அடினோமயோசிஸ் தீவு ஒன்றுக்குள் மட்டும் புற்று இருந்தால் அதைத் தசை ஊடுருவலாகக் கணக்கிடக் கூடாது. அதைத் தவறி எண்ணிவிட்டால் 1ஏ, 1பி ஆகிவிடும். ஐயம் இருந்தால் தகடுகளை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் பார்க்கட்டும்.

கேள்வி: 58 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருடம். இரண்டு மாதமாக உள்ளாடையில் பழுப்புக் கறை. கிளினிக்கில் பாப் ஸ்மியர் எடுத்தார்கள், நார்மல். அது போதாதா?
— வெருலம்

பதில்: போதாது. பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான சோதனை. உள்ளே இருக்கும் சவ்வை அது பார்ப்பதில்லை. மாதவிலக்கு நின்றபின் ஒரே ஒரு சொட்டு வந்தாலும், சிவப்பு, ரோஜா நிறம், பழுப்பு எதுவானாலும், காரணம் தேட வேண்டும். யோனிவழி அல்ட்ராசவுண்டில் சவ்வின் தடிப்பை அளப்பார்கள். 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் பயாப்சி எடுக்க வேண்டும். 4-க்குள் இருந்தும் இரத்தம் நிற்காவிட்டால் அப்போதும் எடுக்க வேண்டும். நார்க்கட்டி நிழல் விழுந்து சவ்வு முழுதாகத் தெரியாவிட்டால் அந்த எண்ணையே நம்பக் கூடாது.

பயாப்சிக்குப் பைப்பெல் என்ற சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய குழாயைப் பயன்படுத்துவார்கள். மயக்க மருந்து தேவையில்லை. சில நிமிடம் மாதவிலக்கு வலிபோல் இழுத்துப் பிடிக்கும். “திசு போதவில்லை” என்று முடிவு வந்தால் அதை “ஒன்றுமில்லை” என்று படித்துவிடாதீர்கள். அடுத்து ஹிஸ்டெரோஸ்கோப்பி, அதாவது கருப்பைக்குள் கேமராக் குழாயை விட்டுக் கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும். உடல் பருமன், சர்க்கரை நோய், மார்புப் புற்றுக்கு டாமாக்சிஃபென் மாத்திரை, இவற்றில் ஏதாவது உங்களுக்கு உண்டென்றால் கிளினிக் சிஸ்டரிடம் அதையும் சொல்லுங்கள். இந்த வாரமே போங்கள்.

கேள்வி: அக்காவுக்கு ஆபரேஷன் செய்தபோது இரண்டே இரண்டு கணுக்களைத்தான் எடுத்தார்களாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இருபதுக்கு மேல் எடுத்தார்கள். எங்களை ஏமாற்றிவிட்டார்களோ என்று மாமா கொதிக்கிறார். அறிக்கையில் ஒரு கணுவில் “தனித்த புற்றுச் செல்கள்” என்றும் இருக்கிறது. அப்படியென்றால் 3சி அல்லவா?
— டொங்காட்

பதில்: அக்காவுக்கு நடந்தது காவல் கணுச் சோதனை. கருப்பையிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் கணுவைக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்து மிக நுணுக்கமாகச் சோதிக்கும் முறை அது. கருப்பை வாயில் கடிகார முள் 3, 9 நிற்கும் இரண்டு இடங்களில், மேலாகவும் ஏறத்தாழ 1 செ.மீ. ஆழத்திலும், இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் செலுத்துவார்கள். அகச்சிவப்புக்கு அருகான ஒளியைப் படிக்கும் கேமராவில் நிணநீர்க் குழலும் கணுவும் ஒளிர்ந்து தெரியும். 2017-இல் வெளியான ஃபயர்ஸ் என்ற ஆய்வில், கணுவில் நோய் இருந்து, காவல் கணுவும் அடையாளம் காணப்பட்டவர்களில் 97 விழுக்காட்டினரிடம் இந்த முறை அதைப் பிடித்துவிட்டது. இருபது கணு எடுப்பதால் காலில் நிணநீர் தேங்கி வீங்கும் அபாயம் கூடும். ஆகவே எண்ணிக்கை குறைந்தது அக்காவுக்கு நல்லதே.

ஆனால் நீங்கள் சரிபார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சாயம் இடம், வலம் இரு பக்கமும் ஓடியதா? ஒரு பக்கம் கணு ஒளிரவில்லை என்றால் அந்தப் பக்கத்தை வெறுமனே விட்டுவிடக் கூடாது, அங்கே முழுக் கணு நீக்கம் செய்வது பற்றி அறுவை நிபுணர் முடிவெடுத்திருக்க வேண்டும். ஆபரேஷன் குறிப்பில் “இருபுறமும் அடையாளம் காணப்பட்டது” என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கணுப் பாதைகள் கொழுப்பில் புதைந்து கிடப்பதால் உடல் பருமன் அதிகமுள்ளவர்களுக்கு இது தவறுவது உண்டு. எடுத்ததாக அனுப்பிய துண்டில் கணுவே இல்லாமல் வெறும் கொழுப்பு மட்டும் இருப்பதும் நடக்கிறது. அப்போது அந்தப் பக்கம் சோதிக்கப்படவில்லை என்றே பொருள்.

தனித்த செல்கள் பற்றி: கணுவில் உள்ள கூட்டம் 0.2 மி.மீ. வரை இருந்தால் ஸ்டேஜ் மாறாது. 0.2-க்கு மேல் 2 மி.மீ. வரை இருந்தால் நுண்பரவல், 2-க்கு மேல் பெரும்பரவல். இந்த இரண்டுதான் 3சி. இடுப்புக் கணு என்றால் 3சி1, பெருந்தமனியோரம் சிறுநீரக இரத்தக் குழாய் மட்டம் வரை என்றால் 3சி2. அந்த மட்டத்துக்கு மேலே உள்ள கணுவில் இருந்தால் 2023 விதிப்படி 4சி. அக்காவுக்கு 3சி அல்ல. மாமாவிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. அறிக்கையில் எம்.எல்.ஹெச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் “இழப்பு” என்று இருக்கிறது. பி53 “சாதாரணம்”. இதெல்லாம் ஸ்டேஜில் சேருமா? நாங்கள் மூன்று பெண்கள்.
— ஃபீனிக்ஸ்

பதில்: இப்போது புற்றை நான்கு மூலக்கூறு வகைகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் இரண்டு மட்டும் ஸ்டேஜை மாற்றும். ஸ்டேஜ் 1 அல்லது 2-இல் உள்ளவருக்கு பி.ஓ.எல்.இ. மரபணு மாற்றம் இருந்தால், செல்கள் பார்வைக்கு மூர்க்கமாக இருந்தாலும் 1ஏ ஆகிவிடும். அவர்கள் மிக நன்றாகத் தேறுபவர்கள். செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பி53 புரதம் கெட்டிருந்து தசைக்குள்ளும் இறங்கியிருந்தால், சாதுவாகத் தெரிந்தாலும் 2சி. இப்படி மாறும்போது எண்ணின் பின்னால் சிறிய ‘எம்’ எழுத்து போட்டிருக்கும். அம்மாவுக்குள்ள இழப்பு மூன்றாம் வகை. மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இல்லாதது அது. அது ஸ்டேஜை மாற்றாது. ஆனால் உங்கள் மூவருக்கும் அதுதான் முக்கியம்.

அடுத்த படி எம்.எல்.ஹெச்.1 மரபணுவின் முன்பகுதி மெத்தில் என்ற வேதிப் பூச்சால் அடைபட்டிருக்கிறதா என்ற சோதனை. அடைபட்டிருந்தால் பெரும்பாலும் பரம்பரையில் வந்ததல்ல. அடைப்பு இல்லையென்றால் அம்மாவின் இரத்தத்தில் லிஞ்ச் நோய்க்குறி எனப்படும் பரம்பரை மரபணு மாற்றத்துக்கான சோதனை செய்ய வேண்டும். அதே வேலை செய்யும் எம்.எஸ்.ஹெச்.2 அல்லது எம்.எஸ்.ஹெச்.6 புரதம் இழந்திருந்தால் இடைப்படியே இல்லாமல் நேராக இரத்தச் சோதனை. லிஞ்ச் உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனானாலும் மகளானாலும், அது வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பெருங்குடல் புற்றும் இதே மரபணுவால் வருவது என்பதால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனாஸ்கோப்பி தேவைப்படும். தென்னாப்பிரிக்காவில் இது புதிதல்ல. வட கேப் மாகாணத்துக் குடும்பங்களில் எம்.எல்.ஹெச்.1-இன் ஒரே மாற்றம் தலைமுறைகளாக வருவதைக் கேப்டவுன் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்து, ஆட்களைத் தேடிப் போய் குடல் சோதனை செய்து வந்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் தாய்க்கு வந்த நோயைச் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் மூடி வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதன் காரணம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் தாய்மாமன், சித்தி, அவர்கள் பிள்ளைகள், இவர்களிடம் மூடி வைக்காதீர்கள். அவர்களுக்கும் இரத்தச் சோதனைக்கு உரிமை இருக்கிறது.

எம்.எல்.ஹெச்.1, பி53 போன்ற புரதங்களைக் காட்டும் இந்தச் சாயச் சோதனைகளுக்கு முதல் பயாப்சித் துண்டே நல்லது. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவம் திசுவுக்குள் மணிக்கு 1 மி.மீ. அளவில்தான் ஊறும். கருப்பையைத் திறக்காமல் முழுதாக டப்பாவில் போட்டு வார இறுதி முழுக்க விட்டால் உள்சவ்வு அழுகத் தொடங்கி, சாயமும் பிடிக்காது, கிரேடும் சரியாக வராது. சிறு பயாப்சித் துண்டு உடனே ஊறிவிடும்.

கேள்வி: கணவரின் மெடிக்கல் எய்டில் (தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) இருக்கிறேன். 3சி1 என்றதும் “பரவிவிட்டது, உங்கள் பிளானில் வராது” என்று ஃபோனில் சொன்னார்கள். உண்மையா?
— மெர்பேங்க்

பதில்: ஃபோனில் சொன்னதை ஏற்காதீர்கள். 1998-ஆம் ஆண்டின் 131-ஆம் எண் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, எந்தப் பிளானாக இருந்தாலும் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் உண்டு. ‘சிகிச்சைக்கு உரிய’ திட உறுப்புப் புற்று அதில் அடங்கும். தோன்றிய உறுப்போடு நின்றது, தொலைவில் பரவாதது, உறுப்பை மீளாமல் சிதைக்காதது என்று அதற்கு விளக்கம் இருக்கிறது. அதில் அடங்காவிட்டாலும், தரப்போகும் சிகிச்சையால் ஐந்து ஆண்டு உயிர் வாழ்வோர் 10 விழுக்காட்டுக்கு மேல் என்று நிறுவப்பட்டிருந்தால் அதுவும் சிகிச்சைக்கு உரியதே. 3சி1 இந்தக் கடைசி வரிக்குள் தாராளமாக வரும்.

புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் நோய்க்குறியீடு சி54.1, ஸ்டேஜும் ஃபிகோ ஆண்டும், திட்டமிட்ட சிகிச்சை, “தொலைவுப் பரவல் இல்லை” என்ற வரி, ஐந்தாண்டு வாய்ப்பு பற்றிய வரி எல்லாம் இருக்கட்டும். வெறும் “ஸ்டேஜ் 3” என்று எழுதினால் நிராகரிக்க அவர்களுக்கு வழி கொடுத்ததாகும். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் முதலில் ஸ்கீமின் முதன்மை அதிகாரிக்கு, பிறகு கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் புகார். இந்தச் செலவை உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிக்கக் கூடாது. ஆனால் அவர்கள் நியமித்த மருத்துவமனையை நீங்களாக விட்டுவிட்டு வேறிடம் போனால் ஒரு பங்கு உங்கள் கையிலிருந்து போகும்.

அரசு மருத்துவமனைக்கு மாறுபவர்களுக்கும் ஒரு சொல். அறிக்கைத் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். திசு புதைத்த மெழுகுக் கட்டிகளும் கண்ணாடித் தகடுகளும் தனியார் ஆய்வகத்தில் இருக்கும். புதிய மருத்துவமனையின் கோரிக்கைக் கடிதத்தோடு அறிக்கையின் மேலே உள்ள ஆய்வக எண்ணைக் கொடுத்தால் அனுப்பி வைப்பார்கள். அவை வந்து சேரும் வரை குழு முடிவெடுக்காமல் காத்திருக்கும். முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்தது, கீமோ மூன்றாவது சுற்று. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். எடுக்கலாமா?
— டர்பன்

பதில்: நேர்த்தியை இந்த ஆண்டு ஒத்தி வையுங்கள் என்பதே எங்கள் கருத்து. கீமோ ஏற்றிய 7 முதல் 14-ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த நாளில் அலகு குத்துவது தொற்றை உள்ளே விடும் வாசல். பாக்ளிடாக்செல் பாதத்தின் உணர்வை மழுக்கும், எனவே வெயிலில் காய்ந்த தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வருவதே தெரியாது. இடுப்புக் கணு எடுத்திருந்தால் காலில் ஒரு சிறு கீறல்கூடச் சீழ் பிடித்து, நிரந்தர வீக்கத்தைத் தொடங்கிவைக்கும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், விரதத்தை டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கோயிலுக்குப் போக ஆசையென்றால், அடுத்த கீமோவுக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில், இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், கூட்டம் சேருமுன் காலையில் போய்வாருங்கள். கோயில் வாசல் வரை செருப்போடு போங்கள், உள்ளே பருத்திக் காலுறை அணிந்துகொள்ளலாம். பால்குடத்தை வீட்டில் வேறொருவர் உங்களுக்காகத் தூக்கட்டும். 38 டிகிரி காய்ச்சல் வந்தால் இரவானாலும் விடியும் வரை காத்திருக்காமல் கீமோ பிரிவு கொடுத்த எண்ணுக்கு அழையுங்கள்.